சாதன இயக்கிகளின் ‘ஷட்டவுன்’ செயற்கூறு: லினக்ஸ் ஆவணங்கள் பற்றிய ஒரு விமர்சனம்

சாதன இயக்கி என்பது இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையில் நின்று பேசும் நிரல். வன்வட்டு, வலையமைப்பு அட்டை, ஒலி அட்டை, விசைப்பலகை என ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்கி தேவை. சாதனத்தை எப்படிக் கண்டறிவது, எப்படி எழுப்புவது, எப்படி வேலை வாங்குவது என்பதைப் பற்றிப் பாடநூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. கணினியை நிறுத்தும்போது அதே சாதனத்தை எப்படி அடக்கி வைக்க வேண்டும் என்பதைப் பற்றி அவை பேசுவது மிகக் குறைவு. அந்தக் குறையை லினக்ஸ் கெர்னலுடன் சேர்ந்து வரும் ஆவணங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

லினக்ஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதன் மூல நிரலையும் அதற்கான விளக்கங்களையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எனவே ஆவணம் சொல்வதையும் நிரல் செய்வதையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: கணினியை நிறுத்தும் வேலையில் கெர்னலின் நிரல் பல ஆண்டு அனுபவத்தால் பக்குவப்பட்டிருக்கிறது, ஆவணம் அந்த அனுபவத்தை உள்வாங்கவே இல்லை. ஆவணத்தை மட்டும் நம்பி முதல் இயக்கியை எழுதும் மாணவர் ஏறக்குறைய உறுதியாகத் தவறான ஒன்றைத்தான் எழுதுவார். அந்தத் தவறு அவர் கண்முன் வெளிப்படாது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

ஒரு வரி விளக்கம்

லினக்ஸில் எல்லா இயக்கிகளுக்கும் பொதுவான ஒரு கட்டமைப்பு இருக்கிறது. இயக்கியை எழுதுபவர் அதில் சில செயற்கூறுகளை நிரப்பித் தருகிறார். சாதனம் கிடைத்ததும் அழைக்கப்படுவது ‘ப்ரோப்’. சாதனத்தையோ இயக்கியையோ கழற்றும்போது அழைக்கப்படுவது ‘ரிமூவ்’. கணினி உறங்கும்போதும் விழிக்கும்போதும் ‘சஸ்பெண்ட்’, ‘ரெஸ்யூம்’. கணினி நிற்கும்போதும் மறுதொடக்கம் ஆகும்போதும் ‘ஷட்டவுன்’.

இந்த ஷட்டவுனுக்கு அங்கே தரப்பட்டுள்ள விளக்கம் ஒரே வரி. நிறுத்தும் நேரத்தில் சாதனத்தை ஓயச் செய்வதற்காக இது அழைக்கப்படும் என்ற அளவோடு அது முடிகிறது. சாதன மாதிரியை விளக்கும் தனிப் பக்கத்தில் நான் படித்த பதிப்பில் ப்ரோப், ரிமூவ், சஸ்பெண்ட், ரெஸ்யூம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன. ஷட்டவுனுக்கு அங்கே இடமில்லை. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ஒரு மதிப்பெண் விடை எழுதிய தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். எழுதிய சொல் சரியாக இருக்கும், ஆனால் மதிப்பெண் போட முடியாது. இதுவும் அப்படித்தான்.

அந்த ஒற்றைச் சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பது ‘க்வையெஸ்’ என்னும் அரிதான சொல். அதை ‘அணைத்தல்’ என்றோ ‘நிறுத்துதல்’ என்றோ தமிழில் எழுதினால் பொருள் கெட்டுவிடும். நம்மிடம் ‘ஓய்தல்’ என்ற சொல் இருக்கிறது. மழை ஓய்ந்தது என்றால் மேகம் அழிந்துவிட்டது என்று பொருளல்ல, இனித் துளி விழாது என்று பொருள். சாதனத்திடம் கேட்கப்படுவதும் அதுதான். மின்சாரம் இருக்கலாம், விளக்கு எரியலாம். ஆனால் அது தன் போக்கில் எதையும் தொடங்கக் கூடாது, தொடங்கியதை முடித்திருக்க வேண்டும்.

அது தன் போக்கில் எதைத்தான் தொடங்க முடியும்? இங்கேதான் ‘நேரடி நினைவக அணுகல்’ வருகிறது. சுருக்கமாக டிஎம்ஏ. வலையமைப்பு அட்டையை எடுத்துக்கொள்வோம். வரும் தரவுப் பொட்டலங்களை நினைவகத்தில் எந்தெந்த முகவரிகளில் வைக்க வேண்டும் என்று இயக்கி முன்கூட்டியே ஒரு பட்டியல் தந்துவிடுகிறது. பிறகு பொட்டலம் வரும்போதெல்லாம் அட்டை அதைத் தானே அந்த முகவரியில் எழுதுகிறது. மையச் செயலகத்திடம் அனுமதி கேட்பதில்லை. எழுதி முடித்த பின் ‘குறுக்கீடு’ என்னும் மணியை அடித்துச் செய்தி சொல்லும், அவ்வளவே. எனவே கெர்னல் ஓடுவதை நிறுத்திவிட்டது என்பதால் அட்டையும் நிறுத்திவிட்டது என்று ஆகாது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அந்த நிலை.

தலைப்பு ஒன்று, பாடம் வேறு

பிசிஐ சாதனங்களுக்கான இயக்கியை எழுதுவது எப்படி என்று கெர்னல் ஆவணங்களில் ஒரு நீண்ட பக்கம் உண்டு. அதில் சாதனத்தின் ‘ஷட்டவுன்’ என்றே தலைப்பிட்ட ஒரு பகுதி இருக்கிறது. மாணவர் ஆவலோடு அங்கே போவார். ஆனால் அந்தப் பகுதியின் முதல் வாக்கியமே இயக்கியைக் கெர்னலிலிருந்து இறக்கும்போது செய்ய வேண்டியவற்றைத்தான் சொல்லத் தொடங்குகிறது. அதாவது, தலைப்பு ஷட்டவுன், உள்ளே இருப்பது ரிமூவ்.

அந்தப் பகுதி மோசமானது என்று சொல்ல வரவில்லை. கெர்னல் ஆவணங்களில் எனக்குப் பிடித்த பகுதிகளுள் அது ஒன்று. முதலில் சாதனம் குறுக்கீடு எழுப்புவதை நிறுத்து, பிறகு டிஎம்ஏவை நிறுத்து, அதன் பிறகே இடையகங்களை விடுவி என்று வரிசை சொல்கிறது. ஏன் அந்த வரிசை என்பதையும் சொல்கிறது. குறுக்கீட்டைக் கையாளும் செயற்கூறு ஒரு வேலை முடிந்ததும் அடுத்த டிஎம்ஏவைத் தொடங்கிவைப்பது வழக்கம். நாம் டிஎம்ஏவை முதலில் நிறுத்தினால், தாமதமாக வந்த ஒரு குறுக்கீடு அதை மறுபடியும் ஓட்டிவிடும். டிஎம்ஏ நிற்பதற்கு முன் இடையகத்தை விடுவித்தால் நினைவகம் கெடலாம், கணினி உறையலாம், சில சில்லுத் தொகுதிகளில் முற்றிலும் விழுந்தேவிடலாம் என்று எச்சரிக்கிறது. ஒரு நல்ல ஆசிரியர் எழுதிய பகுதி இது. ஆனால் வேறு பாடத்துக்கான விடை.

ஏன் வேறு பாடம்? ரிமூவ் அழைக்கப்படும்போது கணினி தொடர்ந்து ஓடப்போகிறது. இயக்கி எடுத்துக்கொண்ட நினைவகம், குறுக்கீட்டு எண், முகவரிப் பரப்பு எல்லாவற்றையும் பிறருக்குத் திருப்பித் தர வேண்டும். ஷட்டவுன் அழைக்கப்படும்போது இவை எதையும் திருப்பித் தரத் தேவையில்லை. வாங்கிக்கொள்ள யாரும் இருக்கப்போவதில்லை. அங்கே தேவை சாதனத்தை ஓய வைப்பது மட்டுமே, அதுவும் விரைவாக. இந்த வேறுபாட்டை ஆவணம் எங்கும் சொல்லவில்லை.

பிசிஐ இயக்கிக் கட்டமைப்பில் ஷட்டவுனுக்கு வேறொரு சிறு குறிப்பும் உண்டு. மறுதொடக்க அறிவிப்புப் பட்டியலோடு இது இணைகிறது, ஓடிக்கொண்டிருக்கும் டிஎம்ஏவை நிறுத்துவது இதன் நோக்கம் என்கிறது. இரண்டாவது பாதி சரி. முதல் பாதி இன்றைய நிரலுக்குப் பொருந்தவில்லை. மறுதொடக்கத்தின்போது கெர்னல் முதலில் அந்த அறிவிப்புப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் செய்தி சொல்கிறது. அது முடிந்த பிறகே சாதனங்களின் ஷட்டவுனைத் தனியாக ஒவ்வொன்றாக அழைக்கிறது. இவை இரண்டு வேறு வழிகள். அக்குறிப்பு சுட்டும் கோப்புகளின் இடங்களும் பழையவை. எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் இன்டெல் வலையமைப்பு இயக்கி அந்தக் கோப்புறையிலிருந்து இடம் மாறிப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. பாடநூலில் பக்க எண் தவறாக இருந்தால் மாணவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். வழிமுறையே தவறாக இருந்தால் என்ன செய்வார்?

மின்சாரம் போகாத நிறுத்தம்

‘நிறுத்தினால் மின்சாரம் போய்விடுமே, பிறகு எந்தச் சாதனம் எதை எழுதப்போகிறது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஷட்டவுனைப் பற்றிய அலட்சியத்துக்கு வேரும் இதுதான்.

லினக்ஸில் ஷட்டவுன் செயற்கூறு அழைக்கப்படுவது மூன்று வெவ்வேறு சூழல்களில். ஒன்று, மின்சாரத்தை அணைத்துக் கணினியை நிறுத்துவது. இரண்டு, மறுதொடக்கம். மூன்று, ‘கெக்ஸெக்’. இந்த மூன்றாவது வசதி 2005-இல் 2.6.13 பதிப்பில் சேர்ந்தது. ஓடும் கெர்னலே இன்னொரு கெர்னலை நினைவகத்தில் ஏற்றி நேராக அதற்குள் தாவிவிடும். ஃபெர்ம்வேர் நடுவில் வருவதில்லை, சாதனங்களை மீட்டமைக்க யாரும் இல்லை. பெரிய வழங்கிகளில் ஃபெர்ம்வேரின் தொடக்கச் சோதனைகளுக்கு நிமிடக் கணக்கில் நேரம் பிடிப்பதால் அங்கே இது மிகவும் பயன்படுகிறது.

கெக்ஸெக்கில் பழைய கெர்னல் தந்த முகவரிப் பட்டியலோடு வலையமைப்பு அட்டை விழித்தபடியே இருந்தால் என்ன ஆகும்? புதிய கெர்னலுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. அந்த முகவரிகளில் அது தன் தரவுகளையும் நிரலையும் வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு பொட்டலம் வந்ததும் அட்டை கடமை தவறாமல் அதைப் பழைய முகவரியில் எழுதும். கெடுவது புதிய கெர்னலின் நினைவகம். எப்போது, எந்த இடத்தில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. கோப்பு முறைமைப் பிழையாகத் தெரியலாம், நினைவகச் சில்லுப் பழுதாகத் தெரியலாம். வலையமைப்பு இயக்கியின் ஷட்டவுன் மீது சந்தேகம் கடைசியில்தான் வரும். தவறு எழுதியவர் கண்முன் வெளிப்படாது என்று மேலே சொன்னது இதைத்தான்.

கெர்னலை உருவாக்குவோர் இதை அறியாதவர்கள் அல்லர். 2012-இல் பிசிஐ பகுதியின் பொது நிரலில் ஒரு மாற்றம் செய்தார்கள். ஷட்டவுனின்போது ஒவ்வொரு பிசிஐ சாதனத்திடமிருந்தும் டிஎம்ஏ செய்யும் உரிமையையே பறித்துவிடுவது என்பது அது. அந்த உரிமைக்கு ‘பஸ் மாஸ்டர்’ என்று பெயர், ஒரே ஒரு பிட். அதை அணைத்தால் சாதனம் நினைவகத்தைத் தொட முடியாது. இயக்கி எழுதியவர் மறந்தாலும் பொது நிரல் காப்பாற்றிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், இதனால் அணையாமல் நின்றுவிடும் கணினிகள் இருந்தன. 2013 முடிவில் அந்த மாற்றத்தைக் கெக்ஸெக்குக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். மற்ற நேரங்களில் ஃபெர்ம்வேர் சாதனங்களை ஒரே அடியாக அடித்து நிறுத்திவிடும் என்ற பொருளில் ஒரு குறிப்பு அந்த நிரலில் இன்றும் இருக்கிறது.

இந்தச் சிறு வரலாற்றில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. சாதனத்தின் உள்நிலையை அறிந்தது அதன் இயக்கி மட்டுமே. பொது நிரல் வெளியிலிருந்து கையைக் கட்டிப்போடலாம், ஆனால் அந்தச் சாதனம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று அதற்குத் தெரியாது. வேதியியல் ஆய்வகத்தில் பாடவேளை முடிந்ததும் மாணவர்கள் பர்னரின் சுடரை அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். மேசையடிக் குழாயை மூடினார்களா என்று நான் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்ப்பேன். கட்டடத்துக்கு வெளியே பெரிய வால்வு ஒன்று இருந்தது, மாலையில் அதை மூடுவார்கள். அது இருக்கிறதே என்று மேசைக் குழாயைத் திறந்துவைத்துவிட்டுப் போக நான் யாரையும் விட்டதில்லை. மறுநாள் காலையில் அந்தப் பெரிய வால்வைத் திறப்பவருக்கு எந்த மேசையில் குழாய் திறந்திருக்கிறது என்று தெரியாது அல்லவா?

‘ஃபெர்ம்வேர் அடித்து நிறுத்திவிடும்’ என்ற நம்பிக்கைக்கும் ஓர் எதிர்ச்சான்று உண்டு. 2011, 2012 ஆண்டுகளில் வந்த ஆப்பிள் மேக் கணினிகளில், வலையமைப்பின் வழியே இயங்குதளத்தை மீட்டெடுக்கும் வசதிக்காக ஃபெர்ம்வேரே முழு வலையமைப்பு நிரலையும் வைத்திருந்தது. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் அது பிராட்காம் 4331 கம்பியில்லா அட்டையை எழுப்பிவிடும். கட்டுப்பாட்டை இயங்குதளத்திடம் ஒப்படைத்த பிறகும் அட்டையை ஓய வைக்காமல் விட்டுவிடும். காற்றில் வரும் பொட்டலங்களை அட்டை நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருந்தது. அப்போது அந்த நினைவகம் லினக்ஸின் கையில். தேவையற்ற குறுக்கீடுகள் வந்தன, நினைவகம் கெட்டது. அருகில் இருக்கும் எவரும் காற்றுவழியே அந்தக் கணினியின் நினைவகத்தில் எழுத முடியும் என்ற பாதுகாப்பு ஓட்டையும் திறந்தது. அட்டைக்கான இயக்கி ஏறும்வரை இது நிற்காது. இயக்கி நிறுவப்படாத கணினியில் நிற்கவே நிற்காது. 2016-இல் லினக்ஸில் ஒரு சிறப்பு நிரலைச் சேர்த்தார்கள். கெர்னல் தொடங்கிய சில கணங்களிலேயே அது அந்த அட்டையைத் தேடிப் பிடித்து மீட்டமைக்கிறது.

ஃபெர்ம்வேர் இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் நொடியும் ஒரு ஷட்டவுன்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் ஓய வைக்காமல் போனதை அடுத்து வந்தவர் சரிசெய்ய வேண்டியதாயிற்று. இந்த நிகழ்வு எல்லா இயக்கிப் பாடங்களிலும் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. ஷட்டவுன் ஆவணத்தில் ஒரு வரிகூட இதற்கு இல்லை.

ரிமூவை அப்படியே அழைப்பது

ஆவணம் விளக்காததால் பல இயக்கிகளில் ஓர் எளிய வழி பரவியிருக்கிறது. ஷட்டவுன் செயற்கூறுக்குள் ஒரே வரி: ரிமூவை அழை. ஏற்கெனவே எழுதியிருக்கும் ரிமூவ் எல்லாவற்றையும் நிறுத்துகிறது அல்லவா, அதுவே போதும் என்ற எண்ணம். டிஎம்ஏ நிற்கும் என்பது உண்மை. கெக்ஸெக்கைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் நல்லெண்ணத்தோடு இதைச் செய்திருக்கிறார்கள்.

இதன் விலை என்ன என்பது 2021-இல் தெரிந்தது. ராஸ்பெர்ரி பை 4-இல் இருக்கும் பிசிஎம்2711 சில்லின் ஈதர்நெட் இயக்கி தன் ஷட்டவுனில் ரிமூவை அழைத்தது. ரிமூவ் என்றால் அந்த வலையமைப்பு இடைமுகத்தின் பதிவையே நீக்குவது. அந்த ஈதர்நெட்டுக்குப் பின்னால் ஒரு சுவிட்சுச் சில்லு இணைக்கப்பட்டிருந்தால், சுவிட்சின் இயக்கி அந்த இடைமுகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்திருப்பவர் விடும்வரை பதிவு நீங்காது. சுவிட்சின் இயக்கிக்கோ ஷட்டவுன் செயற்கூறே இல்லை, அதை விடச் சொல்ல ஆளில்லை. கணினி அணையாமல், ஈதர்நெட் விடுபடக் காத்திருக்கிறேன் என்ற ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அச்சிட்டபடி நின்றது.

அவ்வகைச் சுவிட்சு இயக்கிகள் எல்லாவற்றுக்கும் அந்த ஆண்டில் ஷட்டவுன் எழுதித் திருத்தினார்கள். திருத்தும்போது இன்னொன்றும் வெளிப்பட்டது. எஸ்பிஐ போன்ற ஒரு பாட்டையின் கட்டுப்பாட்டுச் சில்லின் இயக்கி தன் ஷட்டவுனில் ரிமூவை அழைத்தால், அந்தப் பாட்டையில் தொங்கும் சாதனங்கள் எல்லாம் ரிமூவ் ஆகிவிடும். அவற்றுக்கு ஏற்கெனவே ஷட்டவுன் அழைக்கப்பட்டிருக்கும். ஆக, ஒரே சாதனத்துக்கு முதலில் ஷட்டவுன், பின்னர் ரிமூவ். இரண்டும் வரும் என்று நினைத்து எழுதப்படாத இயக்கி, இல்லாத ஒன்றை இரண்டாம் முறை விடுவிக்க முயன்று விழும். இதற்காக ஷட்டவுன் முடிந்ததும் தன் சொந்தக் குறிப்பை அழித்துவிட்டு, ரிமூவ் வரும்போது குறிப்பு இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடும்படி அந்த இயக்கிகளை எழுதினார்கள். நடைமுறையில் நல்ல உத்தி. ஆனால் ‘இரண்டும் வரலாம்’ என்ற விதியை ஒரு மாணவர் எங்கே படித்துத் தெரிந்துகொள்வார்? திருத்தங்களோடு எழுதப்பட்ட குறிப்புகளைத் தோண்டினால்தான் கிடைக்கும்.

சஸ்பெண்டை அப்படியே அழைப்பவர்களும் உண்டு. அது ரிமூவைவிட மேல், எதையும் விடுவிப்பதில்லை. விண்டோசில் கணினியை நிறுத்துவதே ஆற்றல் நிலை மாற்றங்களில் ஒன்றாகத்தான் இயக்கிக்குச் சொல்லப்படுகிறது. உறக்கத்துக்கு எழுதிய நிரலே நிறுத்தத்துக்கும் பெரும்பாலும் பயன்படும். சோதிக்கப்படும் வழி ஒன்றாக இருப்பதில் நன்மை இருக்கிறது. ஆனால் லினக்ஸில் இரண்டுக்கும் இடையில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. உறக்கத்துக்குப் போகும்முன் கெர்னல் எல்லாப் பயனர் நிரல்களையும் உறைய வைத்துவிடுகிறது. ஷட்டவுனில் அப்படிச் செய்வதில்லை. வழக்கமாக சிஸ்டம்டி போன்ற நிரல் எல்லாவற்றையும் முன்பே முடித்துவைக்கும் என்றாலும், கட்டாய மறுதொடக்கத்தில் அதுவும் நடக்காது. எனவே ஷட்டவுன் முடிந்த அடுத்த நொடியே யாரோ ஒருவர் அந்தச் சாதனத்திடம் வேலை கேட்டு வரலாம். வாசலை மூடாமல் வீட்டைப் பெருக்கிப் பயனில்லை. புதிய கோரிக்கைகளை மறுப்பதுதான் ஷட்டவுனின் முதல் வேலையாக இருக்க வேண்டும். இதுவும் ஆவணத்தில் இல்லை.

இயக்கியின் உள்ளேயிருந்தும் கோரிக்கைகள் வரும். நேரங்காட்டி ஒன்று பின்னணி வேலையை எழுப்பும், அந்த வேலை முடிந்ததும் நேரங்காட்டியை மீண்டும் முடுக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை எழுப்பிவிடும். எதை முதலில் நிறுத்துவது? இந்தச் சிக்கலுக்காகவே, ஒருமுறை நிறுத்தினால் பிறகு எவராலும் முடுக்க முடியாதபடி நேரங்காட்டியைப் பூட்டும் புதிய செயற்கூறு 6.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஷட்டவுன் என்ற சொல் இருக்கிறது. இயக்கியின் ஷட்டவுனை எழுதுபவர்தான் அதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

நன்றாக எழுதப்பட்டவை

குறை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது முறையல்ல. மாணவர் பார்த்து எழுத லினக்ஸிலேயே நல்ல மாதிரிகள் இருக்கின்றன. ஸ்கஸி வட்டு இயக்கி அவற்றுள் ஒன்று. வட்டு தன் உள் இடையகத்தில் வைத்திருக்கும், இன்னும் தகட்டில் எழுதாத தரவுகளை எழுதி முடிக்கச் சொல்கிறது. அடுத்து, இது மறுதொடக்கமா முழு நிறுத்தமா என்று பார்க்கிறது. மறுதொடக்கம் என்றால் வட்டின் சுழற்சியை நிறுத்துவதில்லை, உடனே மறுபடி சுழற்ற வேண்டியதுதானே! முழு நிறுத்தம் என்றால் மட்டுமே சுழற்சியை நிறுத்தும் வேலைக்குப் போகிறது. கணினி அணையும்போது கடைசியாகத் திரையில் ஓடும் வரிகளில் இதன் செய்திகளைப் பலர் பார்த்திருப்பார்கள்.

ஒன்றைக் கவனிக்கலாம். இது எந்த வகை நிறுத்தம் என்பதை யாரும் அந்தச் செயற்கூறிடம் சொல்வதில்லை. இயக்கி தானாகவே கெர்னலின் பொது மாறி ஒன்றைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. மூன்று வகை நிறுத்தங்களுக்கும் ஒரே செயற்கூறை வைத்துவிட்டு, எந்த வகை என்பதை அளபுருவாகத் தராமல் விட்டது வடிவமைப்பிலேயே உள்ள குறை என்று எனக்குப் படுகிறது. இப்போது மாற்றுவதென்றால் அத்தனை இயக்கிகளையும் தொட வேண்டும். ஆவணத்தில் எழுதுவதற்கு அவ்வளவு செலவில்லை.

என்விஎம்இ திடநிலைச் சேமிப்பகங்களுக்கான இயக்கி இன்னொரு நல்ல மாதிரி. அங்கே தரநிலையே தெளிவாக இருக்கிறது. நிறுத்தப்போகிறேன் என்று இயக்கி ஒரு பதிவகத்தில் எழுத வேண்டும். சாதனம் தன் உள்வேலைகளை முடித்துவிட்டு இன்னொரு பதிவகத்தில் முடித்தேன் என்று காட்டும். அதைப் பார்க்கும்வரை இயக்கி காத்திருக்கும், ஆனால் காலவரம்போடு. அறிவிப்பு வராமலே மின்சாரம் போய்விட்டால் சாதனம் தனக்குள் ஒரு எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. பாதுகாப்பற்ற நிறுத்தங்களின் எண்ணிக்கை அது. ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கருவியைக் கொண்டு எவரும் அதைப் பார்க்கலாம். என் வீட்டுக் கணினியில் பார்த்தபோது எங்கள் தெருவின் மின்வெட்டுகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது போலிருந்தது.

‘சொன்னேன்’ என்பதற்கும் ‘முடிந்தது’ என்பதற்கும் உள்ள இடைவெளியை இந்த இயக்கி மதிக்கிறது. பிசிஐயில் பதிவகத்துக்கு எழுதும் கட்டளை அஞ்சல்பெட்டியில் போட்ட கடிதம் போன்றது. மையச் செயலகம் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். கட்டளை வழியில் உள்ள பாலச் சில்லுகளில் சற்றுத் தங்கியும் போகலாம். அதே சாதனத்திலிருந்து ஒரு பதிவகத்தைப் படித்தால் அதற்கு முன் எழுதியவை போய்ச் சேர்ந்த பிறகே விடை வரும். நிறுத்தக் கட்டளையை எழுதிவிட்டு உடனே திரும்பிவிடும் இயக்கி, சாதனத்தை ஓய வைக்கவில்லை. ஓயச் சொல்லி ஆளனுப்பியிருக்கிறது.

முழுவதும் ஓயக் கூடாத சாதனமும் உண்டு. வலையமைப்பின் வழியே கணினியை எழுப்பும் வசதி இயக்கப்பட்டிருந்தால், அட்டை நினைவகத்தில் எதையும் எழுதாமல், ஆனால் தன்னை எழுப்பும் குறிப்பிட்ட பொட்டலத்துக்கு மட்டும் காதைத் திறந்துவைத்தபடி படுத்திருக்க வேண்டும். ரிமூவை அழைத்துவிடும் இயக்கிகளில் இதற்கும் இடம் இருக்காது.

ஒரு மறுப்பும், சோதிக்கும் வழியும்

‘நிரலே ஆவணம், படித்துத் தெரிந்துகொள்’ என்ற பதில் கெர்னல் உலகில் புதிதல்ல. பெருமளவுக்கு அதை ஏற்கிறேன். ஆனால் ஷட்டவுனில் அது செல்லாது. ரிமூவை அழைக்கும் இயக்கி, சஸ்பெண்டை அழைக்கும் இயக்கி, எதையுமே செய்யாத இயக்கி, வட்டு இயக்கி போல எண்ணிச் செய்யும் இயக்கி என நான்கும் ஒரே கெர்னலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எதைப் பார்த்து எழுதுவது என்று சொல்ல ஆளில்லாதபோது, மாணவர் மிகச் சிறியதைப் பார்த்து எழுதுவார். அது ரிமூவை அழைக்கும் அந்த ஒற்றை வரி.

இன்னொரு மறுப்பில் நியாயம் அதிகம். ஷட்டவுனில் எவ்வளவு குறைவாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்பார்கள். கெர்னல் சாதனங்களைப் பட்டியலின் கடைசியிலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாக அழைக்கிறது. ஒன்று மாட்டிக்கொண்டால் அதற்குப் பின் வரும் எல்லாம் காத்திருக்கும், கணினி அணையாது. பழுதான சாதனத்திடமிருந்து பதில் வரும்வரை எல்லையின்றிக் காத்திருக்கும் ஷட்டவுன், இல்லாத ஷட்டவுனைவிடத் தொல்லை. அதனால் காத்திருப்புக்கு எப்போதும் ஒரு வரம்பு வேண்டும். ஆனால் குறைவாகச் செய் என்று சொல்வதற்கும் எதைச் செய் என்று சொல்லாமல் விடுவதற்கும் வேறுபாடு இருக்கிறது.

அந்த ஒரு வரிக்குப் பதிலாக நான் எழுதச் சொன்னால் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘மின்சாரம் போகும் என்று நம்பாதே. அடுத்து வருவது உன் பட்டியலை அறியாத இன்னொரு கெர்னலாக இருக்கலாம். புதிய கோரிக்கைகளை மறு, நேரங்காட்டிகளையும் பின்னணி வேலைகளையும் பூட்டு, குறுக்கீட்டை நிறுத்து, டிஎம்ஏவை நிறுத்தி, நின்றதைப் படித்து உறுதிசெய், பிறருடைய தரவு உன்னிடம் இருந்தால் எழுதி முடி, காத்திருப்புக்கு வரம்பு வை, எதையும் விடுவிக்காதே, உனக்குப் பின் ரிமூவ் வந்தாலும் தாங்கு.’

தாங்கள் எழுதிய ஷட்டவுனைச் சோதிக்க விரும்பும் மாணவர்களுக்குச் சாதாரண மறுதொடக்கம் உதவாது. அதில் ஃபெர்ம்வேர் எல்லாப் பிழையையும் மறைத்துவிடும். சாதனம் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே கெக்ஸெக் மூலம் மறுதொடக்கம் செய்து பாருங்கள். வலையமைப்பு அட்டை என்றால் வேறொரு கணினியிலிருந்து இடைவிடாமல் பொட்டலங்களை அனுப்பிக்கொண்டே செய்யுங்கள். ஒருமுறை தப்பித்தால் போதாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முக்கியமான கோப்புகள் இல்லாத கணினியாக இருக்கட்டும்.